‘யாரால்?’ என்று கேட்கச் சொன்னார் நீதவான்

கோர்ட்டில் துபாஷி வேலை பார்க்கிறவன் ஊரார் பயத்தையெல்லாம் தன் வாயால் மென்று வெளியே விடவேண்டும். கண்டி பொலிஸ் கோர்ட்டில் தமிழை இங்கிலீஷாக்கியும் இங்கிலீஷைத் தமிழாக்கியும் நான் காலம் தள்ளினேன். அரசாங்கக் கச்சேரியிலும் தோட்ட ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் இதே வேலைக்கு மாட்டிக்கொண்ட சகோதரர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது.

நம்மை வதைத்தது பெரிய பெரிய சட்ட வார்த்தைகள் அல்ல. இங்கிலீஷில் ‘பை’ என்று ஒரு சின்னச் சொல் உண்டே, அதுதான். ‘இன்னாரால் அடிக்கப்பட்டேன்’ என்பதில் வரும் ‘ஆல்’. அதற்குப் பின்னால் ஓர் ஆளின் பெயரும் பதவியும் வந்தே ஆகவேண்டும். நம் சனங்களோ அந்த இடத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள்.

விழுந்த அடி

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கறுப்பையா என்ற தொழிலாளி சாட்சிக் கூண்டில் ஏறினான். முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். “அடி விழுந்துச்சுங்க” என்றான். நானும் அப்படியே, அடி விழுந்தது என்று இங்கிலீஷில் சொன்னேன். நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். “அடி என்ன மழையா, தானாக விழுவதற்கு? இவன் ஒருவரால் அடிக்கப்பட்டிருக்கிறான். யாரால் என்று கேள்” என்றார்.

கேட்டேன். கறுப்பையா கூரையைப் பார்த்தான். மறுபடி கேட்டேன். வராந்தாவில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்தபடி நிற்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. மூன்றாம் முறை நான் கேட்ட குரல் எனக்கே கேட்கவில்லை. பெயர் வராததால் வழக்குத் தள்ளுபடியாயிற்று. கூண்டிலிருந்து இறங்கும்போது அவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “பேரச் சொன்னா, அடுத்த அடி யாரால விழுந்துச்சுன்னு நீங்க கேக்கறப்ப பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன் சாமி.”

மேஜர் கடித்த வழக்கு

கண்டியில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், காசிம் நானா என்போம், தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி விற்பவர். அவரை ஒரு துரையின் பங்களா வாசலில் நாய் கடித்துவிட்டது. வழக்குப் போட அவருக்கு விருப்பமே இல்லை. காயத்தைப் பார்த்த டாக்டர் பொலிசுக்குச் சொல்லிவிட்டார். கூண்டில் ஏறியதும் மனிதர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, “மேஜர் கடிச்சிட்டார்” என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? மேஜரால் கடிக்கப்பட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கென்று முன்வரிசையில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற நிஜ மேஜர் ஒருவர் வேறு வழக்குக்காக வந்து இருந்தார். அவர் முகம் செம்பருத்திப் பூவாகிவிட்டது. நீதவான் என்னைப் பார்த்த பார்வையில் என் உத்தியோகமும் பென்சனும் ஒன்றாகப் பறந்துபோயின. நல்லவேளை, நாயின் சொந்தக்காரத் துரையே எழுந்து, மேஜர் என்பது தன் நாயின் பெயர் என்றார். கோர்ட்டே சிரித்தது. நான் மட்டும் வியர்த்து நின்றேன்.

இடைவேளையில் நானாவைப் பிடித்து, நாய்க்கு ஏன் காணும் ‘ஆர்’ விகுதி போட்டீர் என்று பாய்ந்தேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: “தொர ஊட்டு நாயக் ‘கடிச்சிச்சு’ எண்டு செல்லிப்போட்டு, நாளைக்கு அந்தத் தோட்டத்துக்கு நான் எப்பிடிப் போற?”

சின்னத்தம்பியரின் இலக்கணம்

எங்கள் கோர்ட்டில் டைப் அடித்த சின்னத்தம்பி என்னைப் போலவே யாழ்ப்பாணத்தவர். தொழிலாளி துரையை ஏசினால் ‘இன்ன லயத்தில் குடியிருக்கும், இன்னாரின் மகன் இன்னாரால் ஏசப்பட்டார்’ என்று ஒரு முழ நீளத்துக்கு அடிப்பார். துரை தொழிலாளியை அடித்திருந்தால் ‘அடிக்கப்பட்டார்’ என்பதோடு முற்றுப்புள்ளி. இது என்ன நியாயம் என்று ஒருநாள் கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: “விசர்க்கதை கதையாதையும் ஐசே, அந்த ‘பை’யைப் போட்டால் என்னை அனுராதபுரத்துக்கு மாத்திப்போடுவாங்கள், அங்கை காய்ச்சலிலை கிடந்து சாக எனக்கென்ன விசரே?”

ஆற்றால் ஆனது

கம்பளைக்கு அண்மையில் மகாவலி ஆற்று மணலில் செல்லம்மா என்ற பெண்ணின் பிரேதம் ஒதுங்கியது. மரண விசாரணைக்குப் போன அதிகாரியோடு என்னையும் அனுப்பினார்கள். மழை விட்டிருந்தது. ஈரச் சாக்கால் மூடிய உடல் ஒரு பக்கம். அவளுடைய தாய் காத்தாயி, தலைக் கங்காணி, கங்காணியின் தம்பி மறுபக்கம். அந்தத் தம்பிதான் செல்லம்மாவின் புருஷன். அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தண்ணி கொண்டுபோயிருச்சுங்க” என்று கங்காணி முந்திக்கொண்டார். இங்கிலீஷில் ‘மூழ்கினாள்’ என்பதற்கும் ‘மூழ்கடிக்கப்பட்டாள்’ என்பதற்கும் ஒரு சின்னச் சொல்தான் வித்தியாசம். அதிகாரி எது என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கங்காணி என் காதருகே வந்து, “தண்ணியாலன்னு போட்டுருங்க ஐயா, சோலி முடிஞ்சிரும்” என்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. தாயைக் கேட்காமல் என்னால் எதையும் சொல்ல முடியாது என்று அதிகாரிக்கு இங்கிலீஷிலேயே சொன்னேன். கங்காணிக்கு இங்கிலீஷ் தெரியாதது அன்று கடவுள் செயல்.

காத்தாயி கேட்ட ஒரே கேள்வியில் விசாரணை நின்றது. பொலிஸ் வந்தது. அவள் தேடிய பொருள் கம்பளைக் கடைவீதியில் ஓர் அடகுக் கடையில் அகப்பட்டது. புருஷனை விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அவள் கேட்டது இவ்வளவுதான்: “தண்ணிதான் கொண்டுபோச்சுன்னா சரிங்க, தாலிய அவுத்து வச்சுட்டா கொண்டுபோச்சு?”

மீனாட்சி பார்த்த பார்வை

அப்போது நான் மேட்டுப் பாதையில் ஏறிப்போகும் அம்பிட்டியாவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். கோர்ட்டு முடிந்து வாவிக்கரையோடு நடந்து போகையில் வேறொரு தோட்டத்துக் கங்காணி கூடவே வந்தார். நல்ல கோட்டு, தலைப்பாகை, சந்தனப் பொட்டு. குரலில் தேன்.

“நாளைக்கு எங்க தோட்டத்து மீனாட்சி கேசு வருதுங்க. தொரை ஒதைச்சாருன்னு அவ சொல்லுவா. நீங்க இங்கிலீசுல ‘ஒதைபட்டா’ன்னு மட்டும் சொல்லிருங்க. அதுல ஒண்ணும் பொய்யில்லையே?”

நான் நடையை எட்டிப் போட்டேன். அவர் வாவியைப் பார்த்துக்கொண்டே, “ஐயா ஒத்தையிலதானே இருக்கீங்க? அந்த மேட்டுப் பாதை மழைக்கு ரொம்ப வழுக்கும். பாத்துப் போங்க” என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அன்றிரவு கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டேன். காய்ச்சல் என்று லீவு போடலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் மீனாட்சி கூண்டில் ஏறினாள். கொழுந்து எடுக்கும் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்குப் பிந்தி வந்ததற்காகத் துரை இடுப்பில் உதைத்தார் என்று, அவர் பெயரையும் சேர்த்து, உரக்கச் சொன்னாள். பிறகு திரும்பி என் வாயைப் பார்த்தாள். நீதவானைப் பார்க்கவில்லை, துரையைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்தாள். ‘நான் உதைக்கப்பட்டேன்’ என்று இங்கிலீஷில் சொல்லி நிறுத்தினேன். கங்காணியின் தலைப்பாகை கடைசி வாங்குப் பலகையில் தெரிந்தது. அவள் கண் இமைக்கவில்லை. இன்னும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தாள். ‘பை’ என்றேன். அதற்குப் பிறகு துரையின் பெயர், இன்ன தோட்டத்தின் சுப்பிரிண்டன் என்ற பதவி எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. அப்போதுதான் அவள் கண்ணைத் தாழ்த்தினாள்.

துரைக்கு அபராதம் கிடைத்தது, மீனாட்சிக்குத் தோட்டத்தை விட்டுப் போகச் சீட்டுக் கிடைத்தது. கங்காணி என்னை ஒன்றும் செய்யவில்லை. காணும் இடமெல்லாம் குனிந்து கும்பிட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மழை பெய்தால் அந்த மேட்டுப் பாதையை விட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அந்தத் துரையின் பெயரை இந்தப் பக்கத்தில் எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை.

தீர்ப்பான அன்று அவள் மாத்தளையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக மூட்டையோடு வராந்தாவில் நின்றாள். “ஏனம்மா என்ரை வாயையே பார்த்துக்கொண்டு நிண்டனீ?” என்று கேட்டேன். “எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. ஆனா அவரு பேரு எந்தப் பாஷையில வந்தாலும் எனக்குக் கேக்கும், வருதான்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

\*

இங்கிலீஷின் செயப்பாட்டுவினையில் செய்தவர் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுவார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். கண்டியில் நான் வேலை பார்த்த அத்தனை காலத்திலும் எந்தச் செய்தவரும் எதிலும் கடைசிக்குப் போய் நின்றதை நான் கண்டதில்லை.