மார்லிஸ் சொல்லாமல் விட்ட வாக்கியம்

மார்லிஸும் நானும் அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர்கள். வகுப்பு நீளமானது என்றால் இருவராகப் போவோம். இருபது நிமிடம் அவள், இருபது நிமிடம் நான். கை வலிப்பதற்கு முன்பே மூளை களைத்துவிடும் வேலை இது. அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது என்பதால், பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்குச் சைகை வந்துவிட்டது. திறமையில் நான் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. கறாரானவளும்கூட.

"நாம அந்த ரூம்லயே இல்லன்னு நினைச்சுக்கோ. அது முடியாதுன்னா வேற வேலை பாத்துக்கோ" என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள்.

இங்கே எழுதுவதெல்லாம் அவளும் வெண்டலும் சம்மதித்த பிறகு எழுதுவது.

வெண்டல் காகித ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பிறவியிலேயே காது கேட்காது. ஆலை மூடியதும், நாற்பத்தாறு வயதில், ஹீட்டர் மெக்கானிக் ஆவதற்காகக் கல்லூரியில் சேர்ந்தார். சான்றிதழுக்கு ஓர் இலக்கியப் பாடமும் வேண்டும் என்றார்கள். இடம் காலியாக இருந்தது அமெரிக்க நவீனத்துவச் சிறுகதை வகுப்பில் மட்டும்தான். அவருக்காக அந்த வகுப்புக்கு நாங்கள் இருவரும் போனோம்.

"நூறு வருஷம் பழைய கதைங்க. ஒண்ணுலயும் ஒண்ணும் நடக்காதாம்" என்று எங்களிடம் கையால் சொன்னார். "நீங்க பாட்டுக்குக் கைய ஆட்டிட்டு இருங்க. நான் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கிக்கறேன்."

ஆசிரியை கார்லா வாரத்துக்கு நாலு முறையாவது ஒன்றைச் சொல்வார்: "எழுதினவர் எதைச் சொல்லலையோ அதைப் பாருங்க." எங்கள் இருவருக்கும் அதுதான் தலைவலி. 'அதைப் பத்தி இப்ப பேச வேண்டாம்' என்று கதையில் ஒருவன் சொன்னால், படிப்பவருக்கு அந்த 'அது' போதும். சைகையில் 'அது' எங்கே இருக்கிறது என்று காற்றில் ஓர் இடத்தைக் காட்டியாக வேண்டும். மார்லிஸ் மட்டும் கையைப் பாதியில் நிறுத்தி, எங்கும் காட்டாமல் காட்டுவாள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

அக்டோபரில் மூன்றே பக்கம் உள்ள ஒரு கதை வந்தது. ஒரு அப்பா, இரண்டு வளர்ந்த மகன்கள். காலையில் காபி போடுகிறார்கள். பனி எப்போது உருகும், எந்தக் குதிரைக்கு லாடம் அடிக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். கதை முடிந்துவிடுகிறது.

"மூணு பேர் காபி குடிக்கறாங்க, அவ்வளவுதானே?" என்றாள் முன்வரிசைப் பெண். சிலர் சிரித்தார்கள். வெண்டல் கையை உயர்த்தினார். அது மார்லிஸின் முறை. அவர் சைகை செய்வதை அவர் குரலாக, 'நான்' என்றே அவள் பேச வேண்டும்.

"அந்த வீட்ல அம்மா செத்துப் போயிட்டாங்க" என்றாள் அவருக்காக. "காபி பொங்கி வழியுது. துடைக்கிற துணி எங்க இருக்குன்னு மூணு ஆம்பளைங்களுக்கும் தெரியல. சொந்த வீட்ல மூணு டிராயரைத் திறந்து தேடறாங்க."

எல்லோரும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். கார்லாவும்தான்.

"இத்தனை வருஷமா இதை நடத்தறேன், அந்தத் துணியை நான் பாத்ததே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வெண்டலின் கைகள் நிதானமாக அசைந்தன. மார்லிஸ் பேசினாள்: "எங்க வீட்ல எனக்கு மட்டும்தான் காது கேட்காது. சாப்பிடும்போது எல்லாரும் பேசுவாங்க, சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா, அப்புறம் சொல்றேன்னு..."

குரல் அங்கே நின்றது. அவர் கைகள் போய்க்கொண்டே இருந்தன. நான் அவசரமாகத் தொடர்ந்தேன்: "அப்புறம் சொன்னதே இல்ல. அதனால யார் எதை எடுக்கறாங்க, யார் சாப்பிடாம இருக்காங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எங்க தாத்தா செத்ததை அப்படித்தான் கண்டுபிடிச்சேன்."

மீதி நேரம் முழுக்க நானே பார்த்துக்கொண்டேன். மார்லிஸ் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் வெண்டலை நிறுத்தி மன்னிப்புக் கேட்டாள். பிறகு, நான் அதுவரை கேள்விப்பட்டிராத ஒன்றைச் சொன்னாள். அவளுக்குப் பதினாலு வயது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நிற்க வேறு ஆளில்லை. டாக்டர், 'உங்கப்பாவுக்கு இன்னும் ஆறு மாதம்தான்' என்றார். மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று இவள் சைகை செய்தாள். அவ்வளவு நேரம் பேசினாரே, வேறென்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். அப்புறம் சொல்றேன் என்றாள். சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கடிதம் வந்துதான் அவருக்குத் தெரிந்தது.

வெண்டல் ஆறுதல் சொல்லவில்லை. "பதினாலா? அப்புறம் சொல்றேன்னு எங்கிட்ட சொன்னப்ப எங்கண்ணனுக்கு முப்பது" என்றார். பிறகு, "உங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லிஸ் அம்மாவிடம் போனாள். அம்மா ஈடித்துக்கு எண்பத்திரண்டு வயது. அந்தக் கடிதத்தைப் பற்றி நாற்பது வருடமாக அவர்கள் பேசியதில்லை.

"டாக்டர் சொன்னது அன்னிக்கே எனக்குத் தெரியும்மா."

"தெரியும்னு தெரியும்" என்றன ஈடித்தின் கைகள்.

"கோபம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அந்தப் பத்து நாள்ல உங்கப்பா போட் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டார். தெரிஞ்சிருந்தா பிரிச்சிருக்க மாட்டார். அதைப் பூட்ட அவருக்கு அப்புறம் தெம்பு இல்ல. ஷெட்ல கெடந்ததையெல்லாம் நான்தான் அள்ளிப் போட்டேன்."

"எம்மேலயா கோபம்?"

"உன் மேலதான். சில வருஷம். எப்ப போச்சுன்னு ஞாபகம் இல்ல. உன்னை அங்க நிக்க வெச்ச டாக்டர் மேல இன்னும் இருக்கு."

மார்லிஸ் அழுதிருக்கிறாள். ஈடித் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மார்லிஸ் வழக்கம்போல வந்தாள். டிசம்பரில் வெண்டலுக்கு பி கிரேடு கிடைத்தது. "சொல்லாம விட்டதையெல்லாம் நான் விளக்கமா எழுதிட்டேனாம். அதுக்கு மார்க்கைக் குறைச்சுட்டாங்க" என்று தாழ்வாரத்தில் போவோர் வருவோரெல்லாம் பார்க்க முறையிட்டார்.

முப்பது வருட வேலையில் மார்லிஸ் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போனதில்லை. கேட்டால், அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பாள். ஜனவரியில் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. நோயாளிக்குக் காது கேட்காது. பத்து வயது மகள் கூட வருகிறாள் என்றார்கள். மார்லிஸ் என்னைக் கேட்காமலே எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாள்.