சூரை முள்ளுக்கு அடியில் ஒரு அரப்புக் கன்று

வீட்டோரம் இருக்கும் ஒரு முள்புதரை வெட்டுவது சரியா, விடுவது சரியா? பிள்ளை பெற்ற பிறகும் எனக்கு விடை தெரியாத கேள்வி இது.

நாமக்கல்லில் எங்கள் வீட்டை ஒட்டி, விலைபோகாத மனை ஒன்று கிடக்கிறது. போன மாதம் மகளின் பந்து அங்கிருக்கும் சூரைப் புதருக்குள் ஓடியது. குச்சியால் தரையைத் தட்டித் தட்டி, பாம்புக்கு முன்னறிவிப்பெல்லாம் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். விரலில் ஏதோ இலை நசுங்கியது. முகர்ந்தேன். அரப்பு. முள்ளுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று.

அரப்பு வாசம் என்றால் எனக்குக் கவிதாவின் தலைதான். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் எனக்கு முன்வரிசை. வெள்ளிக்கிழமைகளில் அரப்பு இலைப் பொடி தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு வருவாள்; ஈரப் பின்னல் என் நோட்டில் கோலம் போடும்.

ஒரு விடுமுறை நாளில் ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றில் ஆடு மேய்க்கப் போனவளைப் புதருக்குள்ளிருந்த விரியன் கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

மறுவாரம் ஊர் கூடியது. "பொதரு இருக்கங்காட்டித்தானுங்க பாம்பு அண்டுது. ஒண்ணு உடாம வெட்டுங்க!" என்று கத்தியவர் என் அப்பா. கரடு மொட்டையானது. அவள் நினைவாக நிழலாவது நிற்கட்டும் என்று ஐப்பசி மழையில் அங்கே அரப்புக் கன்றுகள் நட்டார்கள். நானும் ஒன்று நட்டு, அதற்குப் பெயர் வைத்து, வீட்டுப்பாடம் ஒப்பித்தேன். கவிதாவின் அம்மா பாப்பாத்தி அக்கா குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். ஊற்றிய ஈரத்தை வெறும் மண் மத்தியானத்துக்குள் குடித்துவிடும். மாசியில் இலை சுருண்டது. பங்குனியில் எல்லாம் அடுப்புக் குச்சி.

எங்கள் பக்கம், புதைத்த மேட்டை நாய் நரி தோண்டாமலிருக்க முள் வெட்டிப் போடுவார்கள். கவிதாவின் மேலும் சூரை முள் கிடந்தது. அந்தச் சித்திரையில் அக்கா என்னை அங்கே கூட்டிப் போனார். முள்ளுக்கு அடியில், யாரும் நடாத ஒரு அரப்புக் கன்று பச்சையாக நின்றது.

"கைய உட்டுப் பாரு சாமி. மண்ணு சில்லுனு இருக்குது."

விட்டேன். முள் கீறியது. மண் ஈரமாகத்தான் இருந்தது.

பின்னால் வந்த அப்பா, "முள்ள எடுத்துட்டா வெரசா வளருமே, பாப்பாத்தி" என்றார்.

"வேண்டாமுங்கண்ணா. கரட்டுல அத்தனையும் எடுத்தீங்களே, எது பொழச்சுது? எம்புள்ள திரும்பி வந்தாளா?"

அப்பா குனிந்து, என் கை விலக்கிய முள்ளைத் திரும்ப மேலே இழுத்துவிட்டார்.

அந்தக் கன்று மரமானது. அக்கா அதன் நிழலில் உட்காருவார். தலைக்கென்று ஒரு இலை பறித்ததில்லை. இப்போது கரடு கல்குவாரி. மேட்டின் மேல் சாலை போகிறது. மரமும் இல்லை, அக்காவும் இல்லை.

"புதர் மட்டுந்தான் போகும். கன்னு நிக்குமில்ல?" என்கிறார், பக்கத்து மனைப் புதரை எடுக்க ஜேசிபிக்குச் சொல்லி வைத்திருக்கிற என் கணவர். இந்த வெயிலில் நிற்காது என்று எனக்குத் தெரியும். புதரை விட்டால் மகளை எத்தனை நாள் கதவுக்குள் வைப்பேன் என்பதுதான் தெரியவில்லை. கவிதாவுக்கும் சின்ன வயதுதானே.

உங்களில் யாராவது ஒரே வாசலில் முள்புதரையும் பிள்ளையையும் வைத்து வளர்த்திருந்தால், எப்படி என்று எழுதுங்கள். ஜேசிபிக்காரரிடம் "அடுத்த வாரம் வாங்கண்ணா" என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.