பண்டி அவசரம்

யாராவது 'அவசரம்' என்று சொன்னால் போதும், ஜீவரத்தினம் உடனே கேட்பார்: "தமிழ்லயா, தெலுங்குலயா?"

சித்தூர் பஜாரில் பல வருஷமாக எல்லாரும் கேட்டுப் பழகிய கேள்வி அது. டீக்கடைக்காரர் சில்லறை அவசரம் என்பார், இந்தக் கேள்வி வரும். சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் 'அவசர ஜெபக்கூட்டம்' என்று அறிவித்தபோதுகூடப் பின்வரிசையிலிருந்து அது முணுமுணுப்பாக எழுந்து, பெண்கள் பக்கத்தில் சிரிப்பு பரவியது. தமிழில் அவசரம் என்றால் பொறுக்க முடியாது, சீக்கிரம் ஆகவேண்டும் என்று அர்த்தம். தெலுங்கில் அதே சொல்லுக்குத் தேவை, வேண்டும் என்று அர்த்தம். இரண்டையும் ஒரே வாயில் பேசுகிற ஊரில் அது நல்ல வேடிக்கைதான். ஆனால் ஜீவரத்தினம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பதில் வரும்வரை, சொன்னவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பழக்கம் எப்போது தொற்றியது என்று அவருடைய மனைவி ஞானசௌந்தரிக்குத் தெரியும். ரங்கையாவின் வண்டி கைமாறிய வருஷத்திலிருந்து.

ஜீவரத்தினத்தின் நைனா மிஷன் பங்களாவில் மாட்டுவண்டி ஓட்டியவர். மகன் மோட்டார் பக்கம் போனான். யுத்த காலத்தில் ஆவடி டெப்போவில் பட்டாள வண்டிகளுக்கு அடியில் படுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டான். யுத்தம் முடிந்து, கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் போட்டபோது, எந்த வண்டி உழைக்கும், எது உழைக்காது என்று சொல்லத் தெரிந்த ஆள் என்று பெயர் வாங்கினான். சித்தூரில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, பழைய வண்டி வாங்கி விற்கும் தரகராக உட்கார்ந்தபோது, அந்தப் பெயர்தான் கைமுதல்.

பழைய வண்டியைத் தெலுங்கர்கள் 'வாடின பண்டி' என்பார்கள். அதாவது, உபயோகித்த வண்டி. தெற்கேயிருந்து வரும் தமிழர்கள் அதைக் கேட்டு, "வாடிப் போச்சா? ரெண்டு கொடம் தண்ணி ஊத்து மேஸ்திரி, துளிர்க்கும்" என்று கேலி செய்வார்கள்.

"இது தண்ணி ஊத்தாமயே துளிர்க்கற ஜாதிங்க" என்பார் ஜீவரத்தினம். "புதுசுக்குப் பணம் கட்டிட்டு எத்தினி பேரு வருஷக்கணக்கா காத்துக்கினு கீறாங்கோ தெரியுமா? சீமையிலேருந்து வர்றது நின்னு போச்சு. இங்க செய்யறது பத்தல. இந்த பிக்கப் வண்டிய இன்னிக்கு வாங்குங்கோ, மூணு வருஷம் மாங்கா லோடு அடிங்கோ, கொடுத்த வெலைக்குக் குறையாம நானே வித்துத் தர்றேன்."

அது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை. மனிதர்கள் ஏறும் காருக்கு இல்லாத மவுசு பிக்கப் வண்டிக்கு இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டியில் காய், பால், செங்கல், கல்யாணப் பாத்திரம் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். லாரி திரும்ப முடியாத ஊர்ச் சந்துக்குள்ளும் போகும். அடிச்சட்டம் துருப்பிடிக்காமல், காலையில் குளிர்ந்த எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டால், மேலே எத்தனை நசுங்கல் இருந்தாலும் விலை இறங்காது.

ரங்கையா அப்படி ஒரு வண்டியை ஜீவரத்தினத்திடம் வாங்கினார். சத்தியவேடுப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். ஊர்க் காய்கறியை ஏற்றித் திருப்பதியில் கொண்டுபோய் இறக்குவது பிழைப்பு. ஆந்திரம் தனி ராஜ்யமாகி, சித்தூர் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. சத்தியவேடு இன்னும் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. எல்லை எங்கே விழும் என்று டீக்கடைதோறும் பஞ்சாயத்து நடந்த காலம்.

"ரிஜிஸ்டர் புஸ்தகத்துல பேரு மாத்தணுமே" என்றார் ஜீவரத்தினம், தெலுங்கில்.

"எந்த ஆபீசுல அன்னா மாத்தறது? இன்னிக்கு மெட்ராசுல எழுதுவேன், நாளைக்கு எங்க ஊரு ஆந்திராவுக்குப் போச்சுன்னா மறுபடி எழுதணும். எல்லை தேலட்டும், முடிவு தெரியட்டும். அதுவரைக்கும் உன் பேருலயே கிடக்கட்டும். நீ எங்க ஓடிப் போறே?"

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தில் பாதி வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் ஒரு பெயர், ஸ்டியரிங்கில் வேறொருவர் கை.

ஒரு கோடையில் ரங்கையா மஞ்சள் காமாலை முற்றித் திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்தார். வண்டி சும்மா நின்றால் பாட்டரி செத்துவிடும் என்று சாவியை ஜீவரத்தினத்திடம் அனுப்பினார். வண்டி சித்தூர் கொட்டகைக்கு வந்தது. மாங்காய் இறங்கும் நேரம். கார்வேட்டிநகரத்துக் கோவர்த்தனன், பெரிய தோப்புக்காரர், ஒரு பிக்கப் வண்டிக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். கொட்டகையில் நின்ற வண்டியைப் பார்த்ததும் அவருக்கு நிலைகொள்ளவில்லை.

"இது விக்கறதில்லீங்க. ரங்கையாது" என்றார் ஜீவரத்தினம்.

"கேட்டுத்தான் பாரேன், மேஸ்திரி. கேக்கறதுக்கு இன்னா வரி கட்டணுமா? அவன் வாங்கின வெலைக்கு மேல தர்றேன். ஒன் கையிலயும் ஒரு நல்ல தொகை வைக்கறேன். இந்த ஓலைக்கொட்டாய எத்தினி மழைக்குத்தான் தாங்குவே?"

இரண்டு பேரும் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனார்கள்.

ரங்கையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. பேச்சு மூச்சுக்காற்றாக வந்தது. ஜீவரத்தினம் கட்டில் அருகே குனிந்தார். கோவர்த்தனன் காலடிப் பக்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னா ரங்கையா, ஒடம்பு தேவலையா? இவுரு கோவர்த்தனன். ஒன் வண்டியக் கேக்கறாரு. நல்ல வெலை. இன்னா சொல்ற?"

ரங்கையா கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பண்டி அவசரம் அன்னா" என்றார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் கோவர்த்தனன் கையைத் தட்டினார். "அவனே அவசரம்னுட்டான். ஆஸ்பத்திரி செலவு இருக்குமில்ல, பாவம்! அப்பறம் இன்னா பேச்சு? மாங்கா மரத்துலயே பழுத்துக்கினு கீது, வா."

ஜீவரத்தினம் ஒரு கணம் நின்றார். திரும்பி உள்ளே போய் இன்னொரு தரம் கேட்கலாமா என்று தோன்றியது. தூங்குகிற நோயாளியை எழுப்புவானேன் என்றும் தோன்றியது. இரண்டாவது நினைப்போடு படியிறங்கினார்.

புத்தகம் அவர் பெயரில் இருந்ததால் யாருடைய கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை. கார்வேட்டிநகரம் எந்த ராஜ்யம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாததால், கோவர்த்தனன் அந்த வாரமே பெயரை மாற்றிக்கொண்டார். ஜீவரத்தினத்தின் கொட்டகைக்குத் தகரக் கூரை வந்தது.

மழைக்காலத் தொடக்கத்தில் ரங்கையா வந்தார். சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கியது. கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பண்டி ஏதி அன்னா? எங்க?"

ஜீவரத்தினம் பணத்தை எடுத்து முன்னால் வைத்தார். கோவர்த்தனன் கொடுத்த விலை, அப்படியே.

"இது எதுக்கு?"

"வண்டிக்குப்பா. நீ வாங்கினதுக்கு மேலயே கீது. நீதானே அவசரம்னு சொன்னே?"

"சொன்னேன். அவசரம்ண்டே காவாலனி கதா! எனக்கு வேணும்னு சொன்னேன் அன்னா. விக்காதேன்னு சொன்னேன்." ரங்கையாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஜீவரத்தினத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உனக்குத் தெலுங்கு ராதா அன்னா? தெரியாதா?"

பிறந்ததிலிருந்து பேசுகிற தெலுங்கு. ரங்கையாவோடு அதுவரை தெலுங்கைத் தவிர எதிலும் வியாபாரம் பேசியதில்லை. ஜீவரத்தினம் பணம் பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு ஸ்பேனரை எடுத்து வைத்தார்.

திருப்பதியில் ஒரு சத்திரத்துக்கு வருஷம் பூராவும் காய்கறி ஏற்ற ரங்கையா வாக்குக் கொடுத்திருந்தார். அதைச் செய்ய வண்டி வேண்டும். இந்தப் பணத்துக்கு வேறு பிக்கப் கிடைத்தால் சரிதான். ஆனால் கிடைக்காது. அதை இந்த ஊரில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னவரே ஜீவரத்தினம்தான். இரண்டு பேரும் கோவர்த்தனனிடம் போய்க் கேட்டார்கள். "தர்றேனே" என்றார் அவர், ஒரு விலை சொல்லி. அது இருவருக்கும் எட்டாத விலை. திரும்பி வந்தார்கள்.

"இதே மாதிரி வண்டி ஒண்ணு புடிச்சி ஒன் வாசல்ல நிறுத்தறேன் ரங்கையா" என்றார் ஜீவரத்தினம், பஸ் ஸ்டாண்டில். "மேல்கொண்டு ஆவறத நான் போடறேன். கர்த்தர் சாட்சி."

ரங்கையா தலையை ஆட்டினார். நம்பித்தான் ஆட்டினார் என்று ஜீவரத்தினத்துக்குப் பட்டது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஞானசௌந்தரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுப்பை ஊதியபடியே ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏங்க, அந்த ஆளுகிட்ட எப்பவும் தெலுங்குலதானே பேசுவீங்கோ? அன்னிக்கு மட்டும் ஏன் தமிழ்ல கேட்டீங்கோ?"

"கோவர்த்தனன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு. அவுருக்கும் புரியணுமில்ல."

"அவுருக்கு மாங்காக்கு வெலை பேசற அளவுக்குத் தெலுங்கு தெரியும்" என்றாள் அவள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

ஜீவரத்தினம்தான் எடுத்தார், தனக்குள்ளே, வருஷக்கணக்காக. அந்தச் சொல் காதில் விழுந்தபோது எந்தப் பாஷையாக விழுந்தது? தமிழாக விழுந்தது என்றால் அது தவறு. தெலுங்காக விழுந்து, அவர் அதைத் தமிழாக மாற்றிக்கொண்டார் என்றால் அது திருட்டு. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் ஆஸ்பத்திரி வராந்தாவும், படியிறங்கிய காலும்தான் ஞாபகம் வந்தன. அந்த ஒரு நொடி வரவே இல்லை. மழை பெய்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

அதற்குள் ரங்கையாவின் பணம் ஆஸ்பத்திரிக் கடனிலும் அரிசியிலும் கரைந்தது. சத்திரத்து வேலையை வேறொருவர் பிடித்துக்கொண்டார். கடைசியில் ரங்கையா கார்வேட்டிநகரம் போய்க் கோவர்த்தனனிடம் டிரைவராகச் சேர்ந்தார். தன் வண்டியைத் தானே சம்பளத்துக்கு ஓட்டினார். மாங்காய் ஏற்றிச் சித்தூர் வரும்போது கொட்டகை முன்னால் ஒரு ஹாரன் அடிப்பார். அது வணக்கமா, நினைவூட்டலா என்று ஜீவரத்தினத்துக்குப் புரிந்ததில்லை. கையைத் தூக்குவார்.

வாக்கை அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு பிக்கப் வண்டி கொட்டகைக்கு வரும்போதும் ரங்கையாவைத்தான் முதலில் நினைத்தார். ஒன்றுக்கு அடிச்சட்டம் துரு. அதைப்போய் ரங்கையாவுக்குக் கொடுப்பதா? இன்னொன்று நல்ல வண்டி. ஆனால் நல்ல வண்டிக்கு வாசலில் மூன்று பேர் நின்றார்கள். அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விற்றார். விலை வருஷத்துக்கு வருஷம் ஏறியது. தான் சொன்னதெல்லாம் பலிப்பதைக் கண்டு ஊர் அவரை மெச்சியது. வாக்கும் கூடவே விலை ஏறிக்கொண்டு போவது அவருக்கு மட்டும் தெரிந்தது.

பிறகு எல்லை முடிவாயிற்று. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது, திருத்தணி சென்னைக்குப் போனது. எந்த ஆபீசில் பெயர் எழுதுவது என்ற சந்தேகம் தீர்ந்தது. அதே வருஷம் கோவர்த்தனன் லாரி வாங்கினார். அந்தப் பிக்கப் வண்டியை ஜீவரத்தினத்தின் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வித்துக் குடு மேஸ்திரி. ஒன் வாக்கு சுத்தம். வாங்கினதுக்கு மேலயே போவும், இல்ல?"

ஜீவரத்தினம் காலையில் அதைக் கிளப்பிப் பார்த்தார். குளிர்ந்த எஞ்சின், முதல் சுற்றிலேயே பிடித்தது. ரங்கையா அப்படி வைத்திருந்தார்.

வீட்டுக் காசையெல்லாம் துடைத்து எடுத்து, கொஞ்சம் கடனும் வாங்கினால் அதையே ரங்கையாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட முடியும். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்த ஜூனில் மகள் லோயிஸ் திருப்பதியில் காலேஜில் சேரவேண்டும். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். திருப்பதி ஓட்டல்காரர் ஒருவர் பேரமே பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தார். இந்தத் தடவை பாஷையைக் காரணம் சொல்ல வழியில்லை. யாரும் யாரிடமும் எதையும் தவறாகக் கேட்கவில்லை. தெரிந்தே விற்றார். ரங்கையாவுக்கு அந்த ஸ்டியரிங்கும் போயிற்று. யாரோ ஒருவருடைய லாரியில் டிரைவராக ஏறிக்கொண்டார் என்று ஜீவரத்தினம் கேள்விப்பட்டார்.

லோயிஸ் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது, அவளை ஹாஸ்டலில் விட ஜீவரத்தினம் திருப்பதி போயிருந்தார். பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பினார். ரங்கையா. மீசை நரைத்திருந்தது. தமிழ் டிரைவர்களோடு பழகிப் பழகித் தமிழே முன்னால் வந்தது.

"வாண்ணா! பாப்பாவா இது? பெரிசாயிட்ச்சே! இன்னா படிக்குது?"

லோயிஸ் சொன்னாள். ரங்கையாவுக்கு உண்மையாகவே சந்தோஷம். தண்ணீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஜீவரத்தினம் அவர் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "ரங்கையா, ஒனக்கு ஒரு வண்டி பாக்கி கீது. நான் மறக்கல."

ரங்கையா சிரித்தார்.

"அவசரமில்லண்ணா" என்றார்.

லாரிக்குள் இருந்து யாரோ கூப்பிட்டார்கள். ரங்கையா மூடியைத் திருகிவிட்டு ஏறிக்கொண்டார். போகும்போது ஒரு ஹாரன் அடித்தார்.

லோயிஸ் அப்பாவைப் பார்த்துக் காத்திருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த கேள்வி. டீக்கடைக்காரரைக்கூட விட்டதில்லை. அவர் அவளுடைய பெட்டிப் பக்கம் குனிந்தார். தெலுங்கு அர்த்தத்தில் சொல்லியிருந்தால் வண்டி வேண்டாம், பாக்கி தீர்ந்தது. தமிழ் அர்த்தத்தில் சொல்லியிருந்தால் மெதுவாக வரட்டும், ஆனால் வரவேண்டும்.

"இன்னா நைனா, கேக்கலியா?" என்றாள்.

"நேரமாச்சு, ஹாஸ்டல் கதவ மூடிடுவாங்கோ" என்று சொல்லி, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீவரத்தினம் முன்னால் நடந்தார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ நல்ல வண்டிகள் அந்தத் தகரக் கூரையின் கீழ் வந்து நின்று, வாங்கின விலைக்குக் குறையாமல் போயின. ஜீவரத்தினம் கண்மூடும்வரை, ரங்கையாவின் வாசலில் எதுவும் வந்து நிற்கவில்லை.