வேண்டாத வாசனை

சுலைகா அக்காவுக்கு நான் அறுபது வெள்ளி கடன்பட்டிருந்தேன். ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கடன். அது ஒன்றைத் தவிர இந்த உடையப்பன் எவனுக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளி தூக்கினேன். இன்று கோலசிலாங்கூர் கடைத்தெருவில் என் பெயர் எழுதிய லோரி நான்கு நிற்கிறது. அதெல்லாம் என் கைப்பாட்டில் வந்தது. என் வீட்டில் ஒரு பிள்ளை இருப்பது மட்டும் சுலைகா அக்காவால் வந்தது.

அவர் நாகூர்ப் பக்கம். புருஷன் ஜாபர் தோட்டம் தோட்டமாக அத்தர் விற்றவர். காய்ச்சலில் அவர் போனபோது தகரப் பெட்டி ஒன்றுதான் மிச்சம். கப்பலேறி ஊருக்குப் போய்விடு என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் தோட்டக் கூலிகளின் லயங்களுக்கு வந்தார். வியாபாரத்தில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எது வேண்டும் என்று கேட்கமாட்டார். "எந்த வாசனை ஒனக்கு ஆவாது? அத மொதல்ல சொல்லு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் பெட்டியின் பூட்டில் கை வைப்பார்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். வாசலில் சோதனை. அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு பிடி அரிசி கையில் இருந்தாலும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுக்கு என்று பிடித்துக்கொண்டு போனார்கள். என் மனைவி நவமணியின் அண்ணன் செல்லன் எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். ஒரு விடியற்காலை பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது காட்டிலிருந்து வந்தவர்கள் அவரைச் சுட்டுப்போட்டார்கள். புதைக்கப் போலீஸ் உத்தரவு வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பிணம் வீட்டில் கிடந்தது. நாற்றம் தெரியாமலிருக்கச் சட்டி சட்டியாகச் சாம்பிராணி போட்டார்கள். நிறைமாசக்காரி நவமணி அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

மறு வாரம் பெண் பிறந்தது. லெட்சுமி.

நவமணி பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பால் கட்டி மார் கல்லாகக் கிடந்தது. பிள்ளை கத்தினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பேச்சு அடியோடு நின்றுவிட்டது. என் தாயார் வள்ளியம்மா, செல்லனின் ஆவிதான் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினார். பிள்ளை பெற்றவளுக்குக் குளித்ததும் தலைக்குச் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். ஒரு வேளை போடுவதை அவர் மூன்று வேளையும் போட்டார். புகை எழும்பினால் நவமணி பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவாள். ஆவி ஆடுகிறது என்று தாயார் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவார்.

பக்கத்து வீட்டுக்காரி தந்த பாலில் பிள்ளை உயிர் தரித்திருந்தது. கடைசியில், காப்பாரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் ரெங்கசாமிக்குப் பிள்ளை இல்லாததால் அவரிடம் லெட்சுமியைக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். சம்பளம் போட்ட மறுநாள் அவர் வந்து தூக்கிப்போவதாக ஏற்பாடு. நானும் சரி என்றேன். வேறு என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் சுலைகா அக்கா எங்கள் வாசலில் பெட்டியை இறக்கினார்.

"பேய்க்கு அத்தர் போட வந்தியா?" என்றார் என் தாயார்.

"காசு குடுத்தா பேய்க்கும் போடுவேன் ஆத்தா. கொஞ்சம் தள்ளு."

உள்ளே போய் நவமணியின் காலடியில் உட்கார்ந்தார். பிறகு வியாபாரத்துக்குக் கேட்பதுபோலவே கேட்டார். "எந்த வாசனை புள்ள ஒனக்கு ஆவாது?"

நவமணியின் உதடு அசைந்தது. "சாம்பிராணி."

"ஏன்?"

"அண்ணன் வாடை அடிக்குது. புள்ள மேலயும் அதான் அடிக்குது."

சுலைகா அக்கா எழுந்து புகைச் சட்டியை எடுத்து வெளியே கவிழ்த்தார். தாயார் கூச்சல் போட்டார். "நீ கத்து ஆத்தா, நான் தண்ணி காய வைக்கிறேன்" என்றார். மறுநாள் அவர் பெட்டியில் அத்தரோடு ஒரு கட்டு செரை என்கிற எலுமிச்சைப் புல்லும், இஞ்சியும், நாரத்தை இலை மாதிரி லீமாவ் பூருட் இலையும் வந்தன. அவர் குடியிருந்த மலாய்க் கம்பத்தில் அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளை பெற்றால் அதில்தான் குளிப்பார்களாம். "ஒங்க லயத்துல எந்தச் சாவுக்கும் இத யாரும் கொளுத்தல" என்றார். கசக்கிப் போட்டுக் கொதிக்க வைத்து நவமணியின் தலையில் ஊற்றினார். மிச்சத்தை ஆறவைத்து அதிலேயே பிள்ளையையும் குளிப்பாட்டி, தாயின் பக்கத்தில் கிடத்தினார்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. அவர் விடாமல் வந்தார். நான்காம் குளியலுக்குப் பிறகு நவமணி பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள்.

"என்னைய மாதிரியே மணக்குறா" என்றாள்.

பிறகு தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். காப்பாருக்கு நான் ஆள் அனுப்பி, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் தடவை வந்தபோது தோட்ட வாசலில், கணக்கெழுதும் கிராணி சிவானந்தம் பெட்டியைத் திறக்கச் சொன்னார். காவலுக்கு நின்ற மலாய்க்காரன் செரையை முகர்ந்து பார்த்துவிட்டு, "மாண்டி லா" என்று சிரித்தான். குளிக்கத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. கிராணி விடவில்லை.

"சமையல் சாமான்ல எவ குளிப்பா? சீட்டு இருக்கா?"

நான் ஓடிப்போய் அது என் பெண்சாதிக்கு என்று சொன்னேன். பால் வாளி தூக்குபவன் பேச்சை யார் கேட்டார்கள்? குப்பிகளுக்குள் என்ன ஒளித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சாய்த்துக் கொட்டினார்கள். பினாங்கு முதலாளியிடம் கடனுக்கு வாங்கிய சரக்கு, அறுபது வெள்ளிக்கு. தோட்டப் பாதை மண் முழுக்க மணந்தது. போலீஸ் வண்டியில் அவரை ஏற்றும்போது, "அறுபதும் நான் தரேன்கா" என்று கத்தினேன்.

சில வாரம் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள். இனி எந்தத் தோட்டத்துக்குள்ளும் நுழையக்கூடாது என்று உத்தரவு. எங்கே போனார் என்று தெரியவில்லை. நவமணி மீண்டாள். ஆனால் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றாள். நானும் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டில், என் முதல் லோரியில் கூனி இறால் ஏற்றப் பாகான் நக்கோடா ஓமார் என்ற மீன்பிடி ஊருக்குப் போனேன். கரையில் பாய் விரித்து இறால் காயவைத்துக்கொண்டிருந்த கூலிக்காரிகளில் ஒருவர் சுலைகா அக்கா. மறு நடையில் நவமணியையும் ஏற்றிக்கொண்டு போனேன். என் சட்டைப் பையில் அறுநூறு வெள்ளி. கொடுக்க எனக்கு வக்கு வந்துவிட்டது அல்லவா, நீட்டினேன்.

"கடன் அறுபதுதான் தம்பி. கூட வந்தா வட்டி. வட்டி எங்களுக்கு ஆவாது."

"வட்டி இல்லக்கா. அன்பா தரேன்."

"அன்ப இன்னொரு நாளைக்குக் கொண்டா. இன்னிக்குக் கடன்."

நவமணி அவர் பக்கத்தில் குந்தினாள். "அக்கா, எந்த வாசனை ஒங்களுக்கு ஆவாது?"

சுலைகா அக்கா கடலைப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியல புள்ள. மூக்கு செத்துப்போச்சு. அத்தர வச்சாலும் மீனுதான்."

நான் நோட்டைப் பிரித்தேன். நவமணி என் கையைத் தள்ளினாள். "ஒங்க காசு வேணாம்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கூலியில் சேர்த்தவை, எல்லாம் ஒற்றை வெள்ளி நோட்டுகள். அக்காவின் கையைப் பிடித்து விரித்தாள். உப்பில் வெடித்திருந்த அந்த உள்ளங்கையில் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்தாள், அறுபது வரும்வரை.