வெள்ளிக்கிழமை விற்ற ஃபில்டர்

வீடு வீடாகப் போய் விற்கிற தொழிலில் முதலில் விற்க வேண்டியது முகத்தை. அது விலை போனால் பொருள் தானாகப் போகும். தொண்ணூறுகளின் கடைசியில் வேலூரில் ஒரு கம்பெனிக்காகத் தண்ணீர் ஃபில்டர் விற்றேன். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று கிடந்தால் வாருங்கள், நாம் ஒரே கட்சி. நீங்கள் வாங்கி அழுதவர், நான் விற்று அழுதவன்.

இரண்டு கம்பி

எங்கள் ஆயுதம் இரண்டு இரும்புக் கம்பி. கரண்ட் கொடுத்து வீட்டுக்காரரின் தண்ணீரில் விட்டால் ஒரு நிமிடத்தில் தம்ளர் முழுக்கப் பழுப்பாகக் கலங்கும். "இதத்தாம்மா கொழந்தைக்குக் குடுக்குறீங்க" என்பேன். பிறகு, எங்கள் ஃபில்டரில் பிடித்தது என்று சொல்லி ஒரு பாட்டில் தண்ணீரில் கம்பியை விடுவேன். தெளிவாகவே இருக்கும். அது பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். கலங்குவது கம்பியின் இரும்புதான் என்று மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்த பிறகும் கம்பியைக் கைவிடவில்லை.

சத்துவாச்சாரியில் ஒரு சயின்ஸ் டீச்சர் பாட்டிலை ஒதுக்கிவிட்டு, ஃபில்டரிலேயே தண்ணீர் பிடித்து அதில் கம்பியை விடச் சொன்னார். விட்டேன். அதுவும் பழுப்பானது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல அந்தக் கம்பிய ஃபில்டர் பண்ணுங்க தம்பி."

பின்பக்கம்

ஆம்பூரில் பல தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று வெள்ளிதோறும் அங்கே போவேன். செல்வி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தார். வீட்டு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஷிஃப்டுக்கு முன்னால் குடத்தோடு தெருக்குழாயில் நிற்கிற பேஜார் தீர்ந்தால் போதும் என்று போனஸை அப்படியே எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஃபில்டர் மண்ணை நிறுத்தும், உப்பை நிறுத்தாது. அதை நான் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடுகிற ஆர்டர் பாரத்தின் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் ஆங்கிலம். படித்துச் சொல்லச் சொன்னார். பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. "கொழந்தைங்க கை படாம ஒசரத்துல மாட்டணுமாம்" என்றேன். சிரித்துவிட்டார். "இத்த சொல்றதுக்கா சார் இவ்ளோ எழுத்து?"

ஏழாம் நாள்

அடுத்த வெள்ளி, ஆம்பூர் கிளம்புவதற்கு முன்னால் நான் வேலூர் ஆபீசில் இருந்தேன். ஃபில்டரைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு செல்வி வந்து நின்றார். தண்ணீர் அப்படியே உப்புக் கரிக்கிறது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றுதான் கடைசி நாள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் மேனேஜருக்கும் தெரியும். "ஸ்டோர் சாவி வெளில போயிருக்கும்மா, நாளைக்கு வாங்க" என்றார் மேனேஜர். நாளைக்குச் செல்விக்கு ஷிஃப்ட்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அந்த மாத டார்கெட்டுக்கு இரண்டு ஃபில்டர் கம்மி, வாய் வரவில்லை. சொல்வதற்குப் பதிலாகச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவரை பஸ் ஏற்றிவிட்டேன். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அங்க நீங்க ஒருத்தர்தான் சார் மனுஷன்."

சூப்பர்வைசர் படித்தது

மறு வெள்ளி செல்வியின் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன். குழாயடியில் குடத்தோடு அவரே நின்றிருந்தார். ஷூ கம்பெனி சூப்பர்வைசர் பாரத்தைப் படித்துச் சொல்லிவிட்டாராம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது உளறித் தப்பித்திருப்பேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னுதான சார் உங்க கையில குடுத்தேன்?"

அன்றோடு வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் ஆறுதலாக இருக்கும், ஆனால் அதற்கப்புறமும் மூன்று வருஷம் விற்றேன், டார்கெட்டுக்கு மேலேயே விற்றேன்.