பாலத்தடி இடம்

அந்தக் கால்வாயை நினைக்கும்போதெல்லாம் அது எனக்குக் காலைப் பனிக்குள்தான் தெரிகிறது. வெயில் நாட்களிலும் அங்கே போயிருக்கிறேன். ஆனால் நினைவு வெயிலைச் சேர்த்து வைக்கவில்லை. தண்ணீருக்குமேல் படிந்த ஒரு வெண்மை, அதற்குள் வரிசையாக நீண்டிருக்கும் தூண்டில் தடிகள், தடிகளைப் பிடித்தபடி அரைவாசி மட்டும் தெரியும் மனிதர்கள். ஒருவரும் பேசமாட்டார்கள். எங்கோ ஒரு தக்கை தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும். பிறகு அதுவும் இராது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், படிக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்த கட்டடத்தின் மேல்தட்டில் நாங்கள் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். ஊரில் பத்திரிகையில் வேலை பார்த்த நான் இங்கே ஒரு பலசரக்குக் கடையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்து மெத்தை மன்னார்க் கரையிலிருந்து வந்த ஒருவருடையது. என்னைவிட மூத்தவர், அண்ணை என்று கூப்பிடுவேன். கடலில் தொழில் செய்தவர், இங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அவருடைய விரல்நுனிகள் எப்போதும் வெளிறிச் சுருங்கியே இருக்கும், கனவில் நெடுநேரம் நீந்திவிட்டு இப்போதுதான் கரையேறியவருடைய விரல்கள் போல.

கால்வாயில் தூண்டில் போடும் சங்கம் ஒன்றில் அவர் சேர்ந்தது எப்படி என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கால்வாய் ஓடும் பந்தான் பக்கம் நடந்து போனவர், கரையில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த ஞாயிறும் நின்றிருக்கிறார். யாரோ ஒரு தடியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு போட்டி உள்ள வாரங்களில் சனிக்கிழமை மாலையே தேவாலயத்தில் பூசை கண்டுவிட்டு, ஞாயிறு விடிய என்னையும் எழுப்பிக் கூட்டிப் போவார். என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. அவருடையது அதிலும் குறைவு.

அறையில் இது பெரிய பகிடியாகிவிட்டது. சமையல் முறை வந்த நாளில், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

"பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதோ?"

"ஓம். நிறுத்துப்போட்டு விடுவினம்."

"பிறகு என்னத்துக்கு அண்ணை பிடிக்கிறது?"

"நிறுக்கிறதுக்கு."

"சட்டியைக் கழுவி அடுப்பில வைச்சிட்டு, கறி தண்ணிக்குள்ள நீந்துது எண்டு சொல்லுறியள்."

அண்ணையும் சிரித்தார். ஆனால் தடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

போட்டி எளிமையானது. கரை நெடுக, ஆளுக்கு ஓர் இடமாக, இலக்கமிட்ட மரமுளைகள் அடித்திருக்கும். சங்கத் தலைவர் தன் பச்சைத் தொப்பியைக் கழற்றி, இலக்கமிட்ட தகர வில்லைகளை அதற்குள் போட்டுக் குலுக்குவார். கையை விட்டு எடுத்த இலக்கத்தில்தான் இருக்க வேண்டும். விசில் ஊதியதும் தூண்டில் விழும். பிடித்த மீன்களைத் தண்ணீரில் அமிழ்த்திய வலைக்கூடையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் நிறுத்துவிட்டுத் திறந்துவிடுவார்கள்.

எல்லா இடமும் ஒன்றல்ல. வளைவில் ஓர் இரும்புப் பாலம். அதன் அடியில், சுவரிலிருந்த ஒரு குழாய் வழியே தொழிற்சாலையின் வெதுவெதுப்பான தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பனி எப்போதும் சற்றுத் தடிப்பாக நிற்கும். தட்டையான, பழைய வெண்கல நிறமுள்ள மீன்கள் அங்கே சேரும். ப்ரெம் என்று சொல்வார்கள். வில்லையில் பாலத்தடி விழுந்தவர் வெல்லுவார், அல்லது இரண்டாவதாக வருவார். மறுகோடியில், படகுகளை ஏற்றி இறக்கும் மதகுக்குப் பக்கத்து இடத்தில் விழுந்தவர் பொழுது போக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்.

பாலத்தடியைப் போட்டி நாளில் மட்டும் பாவித்தால் பரவாயில்லை. கிழமை முழுக்க யாராவது அங்கே இருந்தார்கள். போட்டிக்கு முந்திய வாரம் அந்தக் கரையில் தூண்டில் போடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. விதியை எழுதியவர்களே மேலங்கிக்குள் தடியை மறைத்துக்கொண்டு வந்து, ஒருவரை ஒருவர் கண்டால் நடைப்பயிற்சி என்பார்கள். எங்கள் ஆட்களும் போனார்கள். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, விதியும் இல்லை, கறிச்சட்டிதான். ஆவணியில் அண்ணை அறையில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்.

"இந்தக் கிழமை பாலத்தடிப் பக்கம் போகாதேங்கோ. மீன் களைச்சுப் போச்சு."

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குத்துறதுக்காக நாங்கள் அதுகளுக்கு லீவு குடுக்கவேணுமோ?" என்றார் வெங்காய நண்பர்.

மீன் களைத்துவிட்டது என்ற பேச்சை அண்ணைக்குக் கொடுத்தவர் சங்கத்திலிருந்த ஒரு கிழவர். ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மூக்கு நீண்டு, கண்களில் நீர் கோத்தவர். ஒருநாள் பாலத்தடியில் யாரோ பிடித்த பெரிய ப்ரெம் ஒன்றை வாங்கி, அதன் வாயை எங்களுக்கு விரித்துக் காட்டினார். உதட்டோரம் முழுக்க வெள்ளைத் தழும்புகள். ஒரு பக்கம் கிழிந்து ஆறியிருந்தது. இந்தச் சீமாட்டியை நான் முன்பும் சந்தித்திருக்கிறேன் என்றார். பிறகு இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் வைத்து, அது தானாக அசையும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அது உடனே ஓடவில்லை. எங்கே போவதென்று யோசிப்பதுபோலச் சற்று நேரம் நின்று, பச்சை இருளுக்குள் மெல்ல இறங்கிப் போனது.

போட்டி என்றால் முதலில் பரிசு என்னவென்று கேட்பது பத்திரிகைப் பழக்கம். ஆகவே அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவத்தின் முடிவில் சங்கம் ஆறு பேரைத் தேர்ந்து மார்ன் ஆற்றில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்பும். ஆறு பேருக்கும் தலைவர் போட்டிருப்பது போன்ற பச்சைத் தொப்பி உண்டு. ஐந்து பேர் யாரென்று கோடையிலேயே தெரிந்துவிட்டது. ஆறாவது தொப்பி அண்ணைக்கும் அந்த ரயில்காரக் கிழவருக்கும் நடுவில் நின்றது. புரட்டாதியின் கடைசிப் போட்டியில் இருவரில் யார் மேலே வருகிறாரோ அவருக்கு. இருவரும் சறுக்கினால் பின்னால் ஓர் இறைச்சிக் கடைக்காரர் காத்திருந்தார்.

அண்ணைக்கு அந்தத் தொப்பி வேண்டியிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. உணவக முதலாளியிடம் கெஞ்சி, மார்ன் போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கு லீவும் வாங்கிவிட்டார். "ஆத்துத் தண்ணி ஓடும்," என்றார் ஒருநாள், விளக்கணைத்த பிறகு. "கால்வாய் சும்மா கிடக்கிற தண்ணி. ஓடுற தண்ணியில நாலு தொழிலாளியளோட நிண்டு பாக்கவேணும்." தொழிலாளிகள் என்று அவர் சொன்னது மீன்பிடிக்கிறவர்களை.

கடைசிப் போட்டி நாளில் பனி வழமையைவிட அதிகம். பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை. மேலே போன ஒரு பாரவண்டியின் சத்தம் மட்டும் ஆகாயத்தில் உருண்டது. பச்சைத் தொப்பி கைமாறி வந்தது. அண்ணை கையை விட்டு வில்லையை எடுத்து, என்னிடம் காட்டினார். பாலத்தடி.

முந்திய போட்டியிலும் அவருக்குப் பாலத்தடியே விழுந்திருந்தது.

நான் தோளில் தட்டினேன். அவருடைய முகம் மாறவில்லை. கிழவருக்கு மதகடி விழுந்திருந்தது. அவர் தன் வில்லையைப் பார்த்து, தலையை ஆட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் போனார். அண்ணை பாலத்தடிக்குப் போய், முக்காலியை வைத்தார். இருக்கவில்லை. குழாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முக்காலியை மடித்தார்.

"வா தம்பி. எனக்கு இரண்டாந்தரம் இதில இருக்கக் கூச்சமாக் கிடக்கு."

"என்ன அண்ணை? சீட்டில விழுந்தது உங்களுக்கெல்லோ?"

"விழுந்ததுதான். போனமுறையும் நான்தானே இருந்தனான். இது இப்ப என்ரை பாடு இல்லை."

அவர்களுடைய கரையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் யார் முதலில் வலை வளைப்பது என்று சீட்டுப் போட்டுத் தொடங்குவார்களாம். பிறகு சீட்டுக்கு வேலை இல்லை, முறைதான். நல்ல பாட்டில் ஒருதரம் வளைத்தவன் வரிசையின் கடைசிக்குப் போவான். எவ்வளவு மீன் கிடந்தாலும், மற்றவர்கள் எல்லோரும் வளைத்த பிறகுதான் அவன் வலை திரும்ப அங்கே இறங்கும். அண்ணை இதை எனக்கு நடந்துகொண்டே சொன்னார். மதகடியில் கிழவர் இரை பிசைந்துகொண்டிருந்தார்.

"சொல்லு, பாலத்தடி இண்டைக்கு அவரின்ரை எண்டு. எழும்பிப் போகச் சொல்லு, விசில் ஊதப்போறாங்கள்."

நான் சொன்னேன். கிழவர் முதலில் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். பாலத்தடியில் என்ன பிழை என்று கேட்டார். ஒரு பிழையும் இல்லை, அவர் போனமுறை இருந்துவிட்டார், இந்தமுறை நீங்கள் என்றேன். கிழவர் பனியின் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு, அந்த வயதில் எதிர்பார்க்க முடியாத வேகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

விசில் ஊதியது. அதற்குப் பிறகு நடந்த நேரம் எனக்கு ஒரு நீளமான மூச்சாகத்தான் நினைவிருக்கிறது. மதகின் மரக்கதவுகளில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணையின் தக்கையைச் சுற்றி மஞ்சள் இலைகள் வந்து, நின்று, விலகின. விரலளவு மீன்கள் சில வந்தன. ஒவ்வொன்றையும் அவர் பெரிய மீனுக்குரிய மரியாதையோடு கழற்றினார். பாலத்தின் பக்கமிருந்து இடையிடையே கனமான ஒரு நீரடிப்பு. அது கேட்கும்போதெல்லாம் அண்ணை தலையசைத்தார், வீட்டில் யாரோ கதவு திறந்து உள்ளே வருவதைக் கேட்பவர் போல. ஒருதரம் தக்கை அமிழ்ந்து நெடுநேரம் மேலே வரவில்லை. அவர் எழும்பி நின்றுவிட்டார். இழுத்துப் பார்த்தால், இலைக்கொத்து. அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். தொப்பியை அவர் மறந்திருக்கவில்லை.

நிறுக்கும்போது பனி விலகியிருந்தது. கிழவரின் கூடையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெண்கலத் தட்டுகள் போல மீன்கள் புரண்டன. சிலர் கைதட்டினார்கள். தலைவர் வழமைபோல வில்லையை வாங்கி முளையின் இலக்கத்தோடு பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார்.

இடம் மாறக்கூடாது. மாறினால் இருவரின் நிறையும் செல்லாது. விதி அவ்வளவுதான். நான் அண்ணைக்குச் சொன்னேன்.

"ஒருதரம் சீட்டுப் போடுறது சரி," என்றார் அண்ணை. "ரெண்டாந்தரமும் அவனுக்கே விழுந்தா, அவன் எழும்பத்தான் வேணும். கேட்டுச் சொல்லு."

தலைவர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே காட்டினார். இன்றைக்கு ஒரு நல்ல மனிதனுக்கு இடத்தைக் கொடுக்கிறீர்கள், நாளைக்கு இன்னொருவன் தன் மச்சானுக்குக் கொடுப்பான், பிறகு தொப்பி எதற்கு என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

இறைச்சிக் கடைக்காரர் தூரத்தில் நின்று தன் மகிழ்ச்சியைக் கண்ணியமாக மறைத்துக்கொண்டிருந்தார்.

கிழவர் எங்களைப் பார்க்காமல் கூடையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு விதி தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்த இடம் தனக்கு விழவில்லையாம். பனி நிறைய இருந்தது, பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன் என்றார். உங்கள் நண்பனுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும் என்றார். பிறகு மீன்களை ஒவ்வொன்றாக விடத் தொடங்கினார்.

திரும்பும் வழியில், மெத்ரோ ரயில் மேம்பாலத்தில் போகும்போது, நான் அதை அண்ணையிடம் சொன்னேன். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"ஒருநாளும் விழேல்லையாமோ?"

"ஓமாம்."

"பாவம் மனுசன்." கண்ணாடியில் கூரைகள் போய்க்கொண்டிருந்தன. லாச்சப்பல் நிலையம் வந்தும் அவர் எழும்பவில்லை. கையைப் பிடித்துத்தான் இறக்கினேன். படிக்கட்டில் நின்று, "அந்தத் தொப்பி எனக்கு அளவாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

மார்ன் போட்டி ஞாயிறு வந்தது. சங்கம் முழுவதும் பஸ் பிடித்துப் போய்விட்டது. லீவு வாங்கிய நாளை என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணை விடியவே தடியை எடுத்தார். நானும் போனேன். கரை நெடுக முளைகள் மட்டும் நின்றன. பாலத்துக்கு அந்தப் பக்கத்து இடத்தில் கிழவர் இருந்தார். தலையில் ரயில்காலத்துப் பழைய தொப்பி. எங்களைக் கண்டு எழும்பி, அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் திரும்பத் தன் இடத்தில் இருந்தார். அண்ணை பாலத்துக்கு இந்தப் பக்கத்து இடத்தில் முக்காலியை விரித்தார். நடுவில் பாலத்தடி வெறுமையாகக் கிடந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணை, இண்டைக்கு ஒருத்தரும் இல்லை. அங்கை போய் இருங்கோவன்."

"நீ போய் இரன்."

"நான் தூண்டில் போடாதனான்."

"அப்ப சும்மா கிடக்கட்டும். ஆனி தொடங்கி எத்தினை பேர் அதுக்கு மேல ஏறி இருந்திட்டம்."

நெடுநேரம் ஒன்றும் அகப்படவில்லை. குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு முதுகு எழும்பி, வெண்கலமாகத் திரும்பி, அமிழ்ந்தது. கிழவர் அதைப் பார்த்தார். பிசைந்து வைத்திருந்த இரையில் ஓர் உருண்டை உருட்டி, தன் தக்கை இருந்த பக்கம் போடாமல், பாலத்தடிக்கு எறிந்தார். அண்ணை அவரைப் பார்த்தார். தன் வாளிக்குள் கையை விட்டு, தானும் ஓர் உருண்டையை எடுத்தார்.

"இண்டைக்குப் பிடிக்கவும் மாட்டியள், நிறுக்கவும் மாட்டியளோ?" என்றேன்.

"சும்மா இரு தம்பி," என்றார், எறிந்துகொண்டே. தண்ணீரில் இரண்டு பக்கத்து வட்டங்களும் விரிந்து நடுவில் ஒன்றுக்குள் ஒன்று போயின.