எல்லோரும் பொறுப்பாளராக இருந்த வாசகர் மன்றம்

பள்ளிக்கூட வாசகர் மன்றத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக, உலகத்தில் எங்கும் இல்லாத பதவிகளை உண்டாக்கி இனாமாக விநியோகித்த தமிழாசிரியர் நான்தான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. வண்ணார்பேட்டை டீக்கடைகளில் விசாரித்தால் இதைவிட மோசமாகச் சொல்வார்கள்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. கணக்கு வாத்தியார் அதில் சிறப்பு வகுப்பு எடுக்கக் காத்திருந்தார். எனக்கு அதில் மன்றம் நடத்த ஆசை. பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். நான் வாசித்ததைப் பற்றிப் பேசினால் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள் என்பதுதான் உண்மையான காரணம்.

தலைமையாசிரியை பேச்சை வளர்க்கவில்லை. "ஒரு மாசம் பாப்பேன் சார். பிள்ளைங்க வந்து ஏதாவது படிச்சாங்கன்னா பீரியடு ஒங்களுக்கு. இல்லன்னா கணக்குக்கு."

'வாசிப்பெனும் பேராற்றில் நீராட வாரீர்' என்று அறிவிப்பு எழுதி ஒட்டினேன். தினமும் தாமிரபரணியில் குளித்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அது ஒரு புதிய வாய்ப்பாகத் தோன்றவில்லை. பெயர் கொடுக்க ஒருவரும் வரவில்லை.

மறுநாள் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வராந்தாவில் என்னை மறித்தான்.

"மன்றத்துல எனக்கு என்ன பொறுப்பு தருவீய சார்?"

"படிக்கணும். அதான் பொறுப்பு."

"அதுக்கு ஆள் வருவாங்க சார். தலைவர் யாரு?"

அங்கேயே சிரித்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். நான் அவனைத் தலைவராக்கினேன். காதுகுத்து பிளக்ஸில் தன் படம் சிறிதாகப் போய்விட்டது என்று சீர்த்தட்டோடு திரும்பிப் போன தாய்மாமன்கள் உள்ள ஊர் இது. மனிதன் ஓரிடத்துக்கு வரவேண்டுமென்றால் அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தாக வேண்டும். இந்தத் தத்துவத்தை நான் கண்டுபிடித்துவிட்டதாக அன்று ஒரே பெருமிதம்.

மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி பரவிவிட்டது. செயலாளர் வந்தான். காலணா இல்லாத மன்றத்துக்குப் பொருளாளர் வந்தாள். விட்டுக்கொடுக்காத இரண்டு தோழிகளை இணைத் தலைவர்களாக்கினேன். உவரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் 'கடலோரப் பகுதிச் செயலாளர்' ஆனான். கடலோரத்தில் எங்களுக்கு வாசகர் யாரும் இல்லை. இருந்த ஒருவனும் இங்கேதான் இருந்தான். அலமாரிச் சாவிக்கு ஒரு பொறுப்பாளர். நன்றியுரைக்கென்று தனியாக ஒரு செயலாளர்.

எல்லோரும் பேட்ஜ் கேட்டார்கள். அச்சடிக்கும் கடை அண்ணாச்சி என் கையிலிருந்த தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்சி ஆரம்பிச்சிருக்கீயளோ? தொண்டர் பேட்ஜ் எத்தன அடிக்க?"

"தொண்டர்னு யாரும் இல்ல அண்ணாச்சி."

"அப்பம் நல்லா வெளங்கும்" என்றார்.

கூட்டங்கள் அமர்க்களமாக நடந்தன. வரவேற்புரை, தலைமையுரை, இணைத் தலைமையுரைகள், கடலோரத்தின் சார்பாக வாழ்த்துரை. "ஏலே, செயலாளர் உக்கார்ற எடம்லே இது, நீ அங்கன போ" என்று முன்வரிசையில் தள்ளுமுள்ளு. புத்தகம் அலமாரிக்குள் இருந்தது. சாவிப் பொறுப்பாளருக்கு அடிக்கடி வயிற்றுவலி.

கடைசி பெஞ்சில் மட்டும் ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண் பேட்ஜ் இல்லாமல் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். பதவி தருகிறேன் என்று நானே கூப்பிட்டேன். "வேண்டாம் சார்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறவி வாசகி. அதன்பிறகு என் உரைகளையெல்லாம் அவளைப் பார்த்தே நிகழ்த்தினேன்.

மாதக் கடைசியில் தலைமையாசிரியை வந்தார். அறை நிரம்பியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வராந்தாவில் நின்ற கணக்கு வாத்தியாரின் முகம் சுருங்கியது. பீரியடு என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இந்த மாசம் என்ன புஸ்தகம் படிச்சீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

தலைவர் செயலாளரைப் பார்த்தான். செயலாளர் எழுந்து, கொஞ்சமும் தயங்காமல் சொன்னான்: "படிக்கது உறுப்பினர்க வேல மேடம். நாங்க நிர்வாகம்."

"சரி, உறுப்பினர் யாரு?"

மொத்த நிர்வாகமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"நீ என்னம்மா படிச்ச?"

"இன்னும் ஆரம்பிக்கல மேடம். தலைமையுரை முடியட்டும்னு இருக்கேன்."

பீரியடு கணக்குக்குப் போயிற்று. அறையைக் காலி செய்யும்போது கணக்கு வாத்தியார் என் தோளைத் தட்டி, "நல்லாத்தான் நடத்துதீரு வே. அடுத்த எலெக்சன்ல நில்லும்" என்றார்.

எனக்கு அந்த ஒற்றை உறுப்பினரை நினைத்துத்தான் வருத்தம். அடுத்த வாரம் பள்ளி வாசலில் அவளைப் பார்த்தபோது, மன்றம் போனால் என்ன, வேண்டிய புத்தகத்தை நான் வீட்டிலிருந்து கொண்டுவந்து தருகிறேன், மனம் தளராதே என்று தழுதழுத்த குரலில் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"புஸ்தகம்லாம் வேண்டாம் சார். கணக்கு சாரு பெல்லு அடிச்சாலும் விட மாட்டாரு. ஒங்க மன்றம்னா நன்றியுரை நடக்கும்போதே பைய நழுவி வெளிய போயி பஸ்ஸுல சீட்டு பிடிச்சிருவேன்."